காலிக் குச்சியில் முளைத்தது

ஆய்வகத்தில் அவருக்கு வைத்த பெயர் சோப்பு சார். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். கழுவுதொட்டிக்கு மேல் அவர் ஒட்டிய 'கை கழுவும் ஏழு படிகள்' தாளில் யாரோ எட்டாவது படியைப் பென்சிலால் சேர்த்திருந்தார்கள்: 'சோப்பு சார் பார்க்கிறாரா என்று பார்க்கவும்.' அதை அவர் அழிக்கவில்லை. உள்ளூர ஒரு பெருமை.

வீட்டிலும் அதே ஆட்சி. செருப்பு வெளியே, பை வெளியே. கதவுக் கைப்பிடிக்குத் தினமும் இரண்டு முறை துடைப்பு. போன வருட மழைக்காலத்தில் மாடிப்படிக்கும் கிருமிநாசினி ஊற்றித் துடைத்தார். துடைத்த படியிலேயே வழுக்கி விழுந்தார். கணுக்காலில் விரிசல், இரண்டு மாதம் மாவுக்கட்டு.

"கிருமி செத்துச்சா?" என்று ஆஸ்பத்திரியில் மனைவி கேட்டாள்.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தேடிப் பிடிப்பது அவர் தொழில். ஊர் ஓரத்தில் கைவிடப்பட்ட ஒரு தானியக் கிடங்கு இருந்தது. அதன் கூரையில் நாலாயிரம் வௌவால்கள். பூச்சி தின்னும் சின்ன வகை, உள்ளங்கையில் அடங்கும். அவற்றிடமிருந்து மனிதருக்கு என்ன தொற்றக்கூடும் என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு. வௌவாலைப் பிடிப்பவர் ஒரு கால்நடை மருத்துவர், சோப்பு சாரின் கல்லூரித் தோழர். எல்லோருக்கும் மாட்டு டாக்டர். வைரஸைத் தேடுபவள் வைரஸ் மேடம். பாக்டீரியா இவர் பங்கு.

இரண்டு வருடம், மாதம் ஒரு முறை போனார்கள். மாட்டு டாக்டர் வௌவாலைப் பிடித்து வாயைத் திறந்து காட்டுவார். இவர் பஞ்சுக்குச்சியை விட்டுத் துடைத்து எடுத்துக் குழாயில் போட்டு மூடுவார். வேறு யாரையும் குச்சியைத் தொட விடமாட்டார்.

"உங்க சுத்தமெல்லாம் எனக்குப் பத்தாது" என்பார்.

வைரஸ் மேடத்துக்குக் கிடைத்தவை மூன்றே வைரஸ். மூன்றும் வௌவால்களோடு காலங்காலமாகக் குடித்தனம் நடத்துபவை. மனிதரைத் திரும்பிப் பார்க்காதவை. "என் பசங்க பரம சாது" என்று அலுத்துக்கொள்வாள். சோப்பு சாருக்கு அடித்தது யோகம். முந்நூறு வௌவால்களில் நாற்பத்தொன்றின் வாயில், ஏழு மருந்துகளுக்கு மசியாத ஒரு கிருமி. அதுவும் வழக்கமாக மனிதர்களிடம் குடியிருக்கும் கிருமி. அது இங்கே எப்படி வந்தது? ஒரு வாரம் யோசித்து அறிக்கையில் எழுதினார்: மனிதரிடமிருந்து வௌவாலுக்குப் போயிருக்கிறது. அங்கே முரடாகியிருக்கிறது. மறுபடி மனிதரிடம் திரும்பக் காத்திருக்கிறது. எழுதிவிட்டு, கடைசி வாக்கியத்தை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். உடம்பு சிலிர்த்தது.

அறிக்கை நகராட்சிக்குப் போனது. கிடங்கைச் சுற்றி இருப்பவர்கள் பயந்துபோனார்கள். வெள்ளிக்கிழமை சுகாதாரக் குழு கூடும், சோப்பு சார் வந்து விளக்குவார், அன்றே கூரையின் ஓட்டைகளை அடைக்க உத்தரவு போகும் என்று ஏற்பாடு.

"இப்ப குட்டி போட்டிருக்கிற நேரம்டா" என்றார் மாட்டு டாக்டர். "பொழுது சாஞ்சா தாயெல்லாம் இரை தேடக் கிளம்பிடும். குட்டிங்க கூரையிலயே தொங்கிட்டிருக்கும். ஓட்டையை அடைச்சா தாய் வெளிய, குட்டி உள்ள. ரெண்டே நாள்ல எல்லாம் முடிஞ்சிடும்."

"நான் என்ன பண்றது? அறிவியல் சொல்றதைத்தான் நான் சொல்றேன்."

இப்படிச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் கனக்கும். அவருக்கே அது பிடிக்கும்.

திங்கட்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில் குழுவுக்குக் காட்ட வேண்டிய வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். மனைவி ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்ப்பவள். அறுநூறு பேர் வந்தார்களா வரவில்லையா என்பது அவள் விரல் நுனியில். தட்டு வைக்க இடம் தேடி வந்தவள் தாளைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"மாசாமாசம் எத்தனை வௌவால்கிட்ட கிருமி இருந்ததுன்னு."

விரலால் ஒவ்வொரு மாதமாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க ரெண்டு மாசம் யாரு லீவு?"

"லீவா?"

"ரெண்டு, ஒன்னு, மூணு, ரெண்டுன்னு போயிட்டே இருக்கு. திடீர்னு ரெண்டு மாசம் பூஜ்யம். அப்புறம் பழையபடி. எங்க ஆபீஸ்ல இப்படி வந்தா யாரோ ஒரு ஆள் லீவுன்னு அர்த்தம்."

அவர் சிரித்தார். விஷயம் தெரியாதவர்களிடம் சிரிக்கும் கனிவான சிரிப்பு. அது மழைக்காலம் என்று விளக்கினார். மழையில் பூச்சி பெருகும். வௌவால் நன்றாகத் தின்னும். உடம்பு தேறும். கிருமி பின்வாங்கும். இதையே அறிக்கையில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார், பன்னிரண்டு மேற்கோள்களோடு.

அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டு வருஷமாப் போறீங்க. முந்தின வருஷம் மழை பெய்யலையா?"

"பெஞ்சுது."

"அந்த வருஷம் பூஜ்யம் இல்லையே."

"அந்த வருஷம் மழை கொஞ்சம் கம்மி."

"குடை ரெண்டு தொலைச்சீங்க" என்றாள். பிறகு விரலை எடுக்காமலே, "இந்த ரெண்டு மாசம் உங்க காலுல கட்டு இருந்துது. நான்தான் குளிக்கத் தண்ணி எடுத்து வெச்சேன். அப்ப குச்சி எடுத்தது யாரு?"

"மாட்டு டாக்டர். மேடம் பிடிச்சாங்க, அவன் எடுத்தான்."

சொல்லி முடித்ததும், அந்த இரண்டு மாதமும் கிருமி கிடைக்காதபோது அவர் போனில் மாட்டு டாக்டரைக் கடிந்துகொண்டது நினைவு வந்தது. உனக்குக் குச்சி பிடிக்கவே தெரியவில்லை என்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழியும் சொல்லியிருந்தார். மழைக் கோட்பாடு அதற்குப் பிறகுதான் பிறந்தது.

மனைவி சுவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். சட்டம் போட்ட புகைப்படம். போன வருடம் ஒரு பத்திரிகையில் வந்தது. தலையில் விளக்கு, கையில் உறை, ஒரு விரலில் வௌவாலின் சிறகு. முகக்கவசம் வாயை மட்டும் மூடியிருந்தது. அதற்கு மேல் மூக்கு முழுசாக, வெளிச்சத்தில் பளபளவென்று.

"எப்பவும் இப்படித்தான் போடுவீங்களா?"

"மேல ஏத்தினா கண்ணாடி பனிச்சிடுது. ஒன்னும் தெரியறதில்லை."

"மூக்கைத் தொடுவீங்களா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். கை மூக்கின் மேல் இருந்தது.

அவள் சிரித்திருந்தாலாவது தேவலை. "தட்டு வைக்கணும், தாளை எடுங்க" என்றாள்.

மனித மூக்குதான் அந்தக் கிருமிக்குப் பிடித்த வீடு. பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் முதல் வரி அது. அந்த அத்தியாயத்தை அவர் ஆறு வருடம் நடத்தியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஒரு மூக்கு வரைவார். நன்றாகவே வரைவார்.

செவ்வாய்க்கிழமை காலை நேரே சமையலக்காவிடம் போனார்.

சமையலக்கா சமைப்பது கிருமிகளுக்கு. ஊட்டக்கூழைக் காய்ச்சி வட்டத் தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பாள். குச்சிகள் வந்ததும் தட்டில் தடவி வெப்பப்பெட்டியில் வைப்பாள். மறுநாள் எது முளைத்தது என்று நோட்டில் எழுதுவாள். இருபத்திரண்டு வருடமாக இதே அறை. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு காலிக் குச்சியும் போய் வர வேண்டும் என்பது அவள் கறார். வௌவாலைத் தொடாத குச்சி. கிடங்கில் அதைத் திறந்து, காற்றில் காட்டி, மூடிக் கொண்டுவர வேண்டும். அதில் எதுவும் முளைக்கக் கூடாது. முளைத்தால் அது வௌவாலிடமிருந்து வந்ததல்ல, நம்மிடமிருந்து வந்தது.

இரண்டு வருடத்தில் மூன்று முறை காலிக் குச்சியில் முளைத்திருந்தது. மூன்று முறையும் அவர் நோட்டில் 'தொழில்நுட்பப் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தொழில்நுட்பம் என்றால் சமையலக்கா. மூன்றாவது முறை அவளைக் கை கழுவும் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினார். வகுப்பை எடுத்தவரும் அவரேதான்.

"அக்கா, அந்த நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

எடுத்துக் கொடுத்தாள். அவர் இதுவரை கையெழுத்துப் போடும் இடத்தை மட்டுமே பார்த்த நோட்டு அது. இப்போது இடப்பக்கத்திலிருந்து படித்தார். தேதி, குச்சி எண், முளைத்ததா. அதற்குப் பக்கத்தில் ஒரு பத்தி அவள் தானாகக் கோடு போட்டுச் சேர்த்தது. தலைப்பு: யார் கை.

பக்கம் பக்கமாக 'சார்' என்று இருந்தது. முளைத்த நாற்பத்தொன்றுக்கு நேரேயும் சார். மூன்று காலிக் குச்சிகளுக்கு நேரேயும் சார். இரண்டு மாதம் மட்டும் 'மா.டா.' அவற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை.

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னேனே சார். எழுதி வெச்சேன். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"இல்ல, வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே."

"முதல் தடவை சொன்னேன். தொழில்நுட்பப் பிழைன்னீங்க." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அந்த வகுப்புல ஒரு மணி நேரம் பேசினீங்க இல்ல? எத்தனை தடவை மூக்கைத் தொடுறீங்கன்னு எண்ணிட்டிருந்தேன். பதினேழு."

சோப்பு சார் அப்போதே தன் மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஆய்வகத்தில் உள்ள ஒன்பது பேருக்கும் எடுக்கலாம், யார் மேலும் சந்தேகம் இல்லை, பொதுவான ஒரு நடைமுறைதான் என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை. சமையலக்கா ஒன்பது குழாய்களில் எண் ஒட்டினாள். மருந்து கலந்த கூழ் ஊற்றி ஒன்பது தட்டு வைத்தாள். மருந்துக்கு அடங்காதது மட்டும்தான் அதில் முளைக்கும்.

புதன்கிழமை எட்டுத் தட்டுகள் கழுவித் துடைத்ததுபோல் இருந்தன. ஒன்பதில் ஒன்றில் மட்டும் கால் வைக்க இடமில்லாமல் பொன்னிறப் புள்ளிகள். வௌவால் குச்சிகளில் தட்டுக்கு இரண்டு மூன்று புள்ளிதான் வந்திருந்தது. 'குறைந்த அளவிலான குடியேற்றம்' என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். இங்கே தலைநகரமே இருந்தது.

மாட்டு டாக்டருடையதாக இருக்கட்டும் என்று மனசு ஒரு நொடி வேண்டிக்கொண்டது. நல்ல நண்பர், மன்னிப்பார்.

"ஆறாம் நம்பர் யாரு, அக்கா?"

"நீங்கதான் சார்."

"நம்பர் மாத்தி ஒட்டியிருப்பீங்களோ?"

கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கு பழகிய தடத்திலேயே போயிருந்தது.

"இன்னொரு தடவை எடுத்துடலாம் சார்" என்றாள். "தலையைப் பின்னால சாயுங்க. இடது பக்கம். ஆடாதீங்க. இப்ப வலது பக்கம். வௌவால்கூட இவ்வளவு நெளியாதுன்னு மாட்டு டாக்டர் சொல்வாரு."

வியாழக்கிழமை இரண்டு பக்கமும் முளைத்திருந்தன. அதே ஏழு மருந்துகளுக்கு மசியவில்லை, மீதி மருந்துகளுக்கு அதேபோல் அடங்கின. வைரஸ் மேடம் தன் இயந்திரத்தில் இரண்டையும் போட்டு மரபணு வரிசையை ஒப்பிட்டாள். வௌவாலில் கிடைத்ததும் மூக்கில் கிடைத்ததும் ஒன்றேதான். ஒட்டிப்பிறந்த இரட்டையர்கள்கூட இவ்வளவு ஒத்திருக்க மாட்டார்கள் என்றாள்.

"ரெண்டு வருஷமா நீங்க உங்களையே ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. ஆனா வேலை சுத்தம். ஒரு இடத்துலகூடத் தப்பில்லை."

மாட்டு டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பன்னெண்டு மேற்கோள் போட்டு என் கையைக் குறை சொன்னியேடா. மழை பெஞ்சா கிருமி பின்வாங்குமாம். மழை பெஞ்சா நீ வழுக்கி விழுவ, அதுதான்டா கோட்பாடு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றது. "நாளைக்குச் சொல்லிடுவ இல்ல?"

சோப்பு சார் கழுவுதொட்டிப் பக்கம் போய்க் கை கழுவினார். ஏழு படியும் செய்தார்.

ஆய்வக இயக்குநர் அவரை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"இதுல பதற ஒன்னுமில்லை. 'மேலும் ஆய்வு தேவை'ன்னு ஒரு வரி போடுங்க. நம்ம துறையில பாதிப் பேர் பிழைப்பே அந்த வரியிலதான் ஓடுது."

"அந்த வரியைப் போட்டாலும் நாளைக்குக் கூரையை அடைச்சிடுவாங்க சார்."

"அடைச்சா அடைச்சிட்டுப் போறாங்க. வௌவால் வந்து புகாரா குடுக்கப் போகுது? உங்க பேரைப் பாருங்க. மூக்கு விஷயம் வெளிய போச்சுன்னா அடுத்த பதினஞ்சு வருஷத்துக்கு எந்த மேடையிலயும் நீங்க மூக்குதான்."

அது நியாயமாகப் பட்டது. பெரியவர்கள் காரணத்தோடுதான் பேசுவார்கள். தன் அறைக்குப் போய் அந்த வரியை எழுதிப் பார்த்தார். எழுத எழுத அழகாக வந்தது. ஒரு வரி ஒரு பத்தியானது. ஒரு சொல் பொய்யில்லை. மூக்கு மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயை மறைக்க அவருக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை; சொற்களே போதுமாக இருந்தன.

வீட்டில் அதை மனைவியிடம் படித்துக் காட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு. யாரு லீவுன்னு இதுல வரவே இல்லையே."

"அதை இப்ப எதுக்கு..."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன் வராத நாளை இன்னொருத்தன் பேர்ல ஏத்திட்டேன்னு வைங்க. மறுநாள் காலையில அந்த ஆள் என் மேசை முன்னாடி வந்து நிப்பான். நான் என்னம்மா பண்ணேன்னு கேப்பான். நானும் அடிச்சுத் திருத்துவேன்." ஒரு சட்டையை உதறினாள். "உங்களுக்கு யாரும் வந்து நிக்க மாட்டாங்க. அந்த ஒரு வசதி இருக்கு."

அவர் தாளை மடித்தார். வசதிதான் என்று தோன்றியது. தோன்றியது பிடிக்கவில்லை.

"எனக்கும் இருக்குமா அந்தக் கிருமி?" என்று கேட்டாள்.

"பார்க்கணும். நாளைக்குக் குச்சி கொண்டு வரேன்."

"நீங்க எடுக்க வேண்டாம். அந்த அக்காவை எடுக்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. நகராட்சியின் கூட்ட அறையில் நீள மேசை, ஓயாத மின்விசிறி. தலைவி நடுவில். ஒரு பக்கம் சுகாதார அதிகாரி, மறுபக்கம் கிடங்குப் பகுதியின் உறுப்பினர். ஓரத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் எழுத்தர். மாட்டு டாக்டர் சுவரோரம் கைகட்டி நின்றார். சோப்பு சாரின் சட்டைப்பையில் அந்த அழகான பத்தி இருந்தது. எடுக்கக் கை போனது. எழுந்து நின்றதும் எதிரே உறுப்பினர் ஆவலாக முன்னால் சாய்ந்து, "சொல்லுங்க சார், அந்தச் சனியனை எப்ப அடைக்கலாம்?" என்று கேட்டார்.

"அடைக்க வேண்டாம்" என்றார். பத்தி பையிலேயே இருந்தது. "அந்தக் கிருமி வௌவால்கிட்ட இல்லை."

"அப்புறம்? நாப்பத்தொரு வௌவால்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"ஆமா. ஆனா அது வேற இடத்துலேருந்து குச்சியில வந்திருக்கு."

"எந்த இடத்துலேருந்து?"

"என்கிட்டேருந்து."

யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். விளக்க வேண்டியிருந்தது. கண்ணாடி பனிப்பது, முகக்கவசம் இறங்குவது, மூக்கைத் தொட்ட கை குச்சியைத் தொடுவது, மாடிப்படி, மாவுக்கட்டு, காலிக் குச்சி. சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. மாடிப்படியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது இல்லாமல் கணக்கு நேராகவில்லை.

உறுப்பினர் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்தார்.

"அப்ப அந்தக் கிருமி இப்ப இந்த ரூம்லயா இருக்கு?"

"என் மூக்குல."

தலைவி மேசைமேல் இருந்த கைச்சுத்த திரவத்தை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு யோசித்து, தன் பக்கமே இழுத்துக்கொண்டாள்.

"பயப்பட ஒன்னுமில்லை" என்றார் சுகாதார அதிகாரி. "சும்மா மூக்குல இருக்கிறவரை ஒன்னும் பண்ணாது. காயத்துல போனாத்தான் தொல்லை. இவருக்கு அஞ்சு நாள் மூக்குல களிம்பு போட்டா போதும்."

"நாலாயிரம் வௌவாலை விரட்டப் பார்த்தோம். அஞ்சு நாள் களிம்புல முடியற வேலை" என்றாள் தலைவி. குரலில் கோபமா சிரிப்பா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "வௌவால்கிட்ட வேற ஒன்னும் இல்லையே? இல்ல அதையும் அடுத்த மாசம் வந்து மாத்திச் சொல்வீங்களா?"

"வைரஸ் மேடம் தனியா பார்த்தாங்க. மூணு இருக்கு, மூணும் மனுஷங்களை ஒன்னும் பண்ணாதது. கிடங்குக்குள்ள யாரும் போகாம, கையால தொடாம இருந்தாப் போதும். பாக்டீரியா வேலையைத் திரும்பச் செய்யணும். இந்தத் தடவை நான் குச்சி எடுக்க மாட்டேன்."

"அதை முதல்ல குறிப்புல எழுதுங்க" என்றார் உறுப்பினர்.

எழுத்தர் தலை நிமிர்ந்தார். "மேடம், கிருமியின் மூலம்னு ஒரு கட்டம் இருக்கு. 'வௌவால்'னு போட்டு வெச்சிருந்தேன். என்ன போடட்டும்?"

"மூக்குன்னு போடுங்க" என்றார் சோப்பு சார்.

"யாரோடது?"

அவர் தன் பெயரைச் சொன்னார். பதவியைச் சொன்னார். எழுத்தர் நிதானமாக எழுதினார். பதவிப் பெயர் நீளம், கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்தில் திருப்பி எழுத வேண்டியிருந்தது. கூரையை அடைப்பதில்லை என்று முடிவானது. கிடங்கின் கதவுக்கு மட்டும் ஒரு பூட்டு.

வெளியே வந்ததும் மாட்டு டாக்டர் தோளில் கை போட வந்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"களிம்பு போட்டு முடி. அப்புறம் கட்டிப்பிடிக்கிறேன். வாவல் வீட்டுக்கு வாவல் வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குன்னு சொல்வாங்க. இன்னிக்கு நீ மட்டும் தொங்கிட்டடா."

மதியம் ஆய்வகத்துக்குத் திரும்பினார். செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நடைவழியில் எல்லோரும் அவரவர் வேலையில் அளவுக்கு மீறி மும்முரமாக இருந்தார்கள். கழுவுதொட்டிக்கு மேல் எட்டாவது படியை யாரோ அழித்திருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு மூக்கு வரையப்பட்டிருந்தது. அவர் கரும்பலகையில் வரைவதைவிட நன்றாகவே இருந்தது.

சமையலக்கா கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க ஆவி. வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அந்த நோட்டு. மூணு இடம் திருத்தணும்."

"உள்ள வாங்க. கை கழுவிட்டு வாங்க. மாஸ்க்கை மேல ஏத்துங்க சார். இன்னும் மேல. கம்பியை அழுத்துங்க."

அழுத்தினார். அப்படியும் மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் படிந்தது. அறை வெள்ளையாகி மறைந்தது. அவள் நோட்டைத் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன எழுதணும்?"

"தொழில்நுட்பப் பிழைன்னு இருக்கிறதை அடிங்க. 'ஆய்வாளரின் பிழை'ன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ..." கொஞ்சம் தடுமாறினார். இந்த வாக்கியத்தை அவர் ஒத்திகை பார்க்கவில்லை. "தொழில்நுட்பரின் பதிவே சரி. அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது தவறுன்னு."

பேனா ஓடும் சத்தம். நின்றது.

"தவறுக்கு வருந்துகிறேன்னு போடறதா, வேண்டாமா?"

"போடுங்க."

"மூணு இடத்துலயுமா?"

"மூணு இடத்துலயும்."

அவள் எழுதினாள். அவசரப்படவில்லை. பிறகு மூன்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள், தேதியோடு. நடைவழியில் யாரோ வேலையை நிறுத்திக் கேட்பது தெரிந்தது.

"சரியா இருக்கா சார்?"

"சரி."

பேனாவை அவர் கையில் வைத்து, நுனியைத் தாளின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். "இங்க. கொஞ்சம் கீழ. ம்."

கையெழுத்துப் போட்டார். இந்த நோட்டில் இதுவரை படிக்காமலே போட்டிருக்கிறார். இன்றைக்குத்தான் படிக்க முடியாமல் போட்டார்.